எம்.எஸ்.டபிள்யூ.வும் பொது நிர்வாகமும் சேர்த்துப் படிக்கலாமா? குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிகிரி ரிசல்ட் வந்ததும் எனக்கு வாட்ஸாப்பில் வரும் கேள்விகள் எல்லா வருஷமும் ஏறக்குறைய ஒன்றுதான். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று ஊர் மட்டும் மாறும். தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போட்டு அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். என்னைப் பற்றி இரண்டு வரி: எம்.எஸ்.டபிள்யூ., அதாவது முதுநிலை சமூகப்பணிப் படிப்பை, நேரடிக் கல்லூரியில் முடித்தேன், அப்புறம் வேலைக்குப் போய்க்கொண்டே எம்.ஏ. பொது நிர்வாகத்தைத் தொலைநிலைக் கல்வியில் முடித்தேன். என் சித்தி மகள் இப்போது இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கிறாள். ஆக, இரண்டு வழியின் பாடும் எங்கள் குடும்பத்துக்குத் தெரியும்.

அக்கா, ஒரே நேரத்தில் ரெண்டு பி.ஜி. படிச்சா செல்லுமா?

செல்லும். 2022 ஏப்ரலில் யூ.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, அதற்கு வழிமுறை வெளியிட்டது. மூன்று விதமாகப் படிக்கலாம். இரண்டுமே நேரடி வகுப்பு என்றால் வகுப்பு நேரம் ஒன்றோடொன்று மோதக்கூடாது. ஒன்று நேரடி, இன்னொன்று தொலைநிலை அல்லது ஆன்லைன் என்றும் படிக்கலாம். இரண்டையுமே தொலைநிலையிலோ ஆன்லைனிலோ படிப்பதும் சரி. பிஎச்.டி.க்கு இது பொருந்தாது. தொலைநிலைப் படிப்பு என்றால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்தக் குறிப்பிட்ட படிப்பை, அந்தக் குறிப்பிட்ட சேர்க்கைப் பருவத்தில் நடத்த யூ.ஜி.சி. அங்கீகாரம் இருக்க வேண்டும். பெரிய பல்கலைக்கழகம்தானே என்று நம்பிப் பணத்தைக் கட்டிவிட வேண்டாம், யூ.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்வி இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது, அதில் பேர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

அப்புறம் டி.சி. பிரச்சினை. ஒரு கல்லூரி உங்கள் ஒரிஜினல் டி.சி.யை வாங்கி வைத்துக்கொள்ளும், இன்னொரு இடத்தில் சேரும்போது அங்கேயும் அதையே கேட்டால் என்ன செய்வீர்கள்? தொலைநிலைப் படிப்புகளில் பெரும்பாலும் நகலை ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும் என்பதால் நேரடி பிளஸ் தொலைநிலை என்ற ஜோடியில் இந்தத் தலைவலி குறைவு. ஆனால் யூ.ஜி.சி. அனுமதித்துவிட்டது என்பதற்காக உங்கள் கல்லூரி அலுவலகத்தில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சித்தி மகள் போய்க் கேட்டபோது "அப்படியெல்லாம் கிடையாது, ரெண்டும் கேன்சல் ஆகும்" என்று ஒருவர் மிரட்டியே அனுப்பினார். அந்த வழிமுறையை அச்செடுத்து ஒரு விண்ணப்பத்தோடு கொடுத்த பிறகுதான் விஷயம் நகர்ந்தது. வாய்ப்பேச்சு வேண்டாம், எழுதிக் கொடுங்கள், எழுதி வாங்குங்கள்.

அமெரிக்காவில் 'டூயல் டிகிரி' என்கிறார்களே, அது இதுதானா?

பேர்தான் ஒன்று, சரக்கு வேறு. அங்கே ஒரே பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளியும் பொது நிர்வாகப் பள்ளியும் கைகோத்து நடத்துவார்கள். தெற்கு கலிபோர்னியா, வாஷிங்டன், நியூயார்க் பல்கலைக்கழகங்களில் இந்த ஜோடி உண்டு. தனித்தனியாகப் படித்தால் தலா இரண்டு வருஷம் வீதம் நான்கு வருஷம் ஆகும். ஒரு பக்கம் படித்த சில பாடங்களை மறுபக்கம் விருப்பப் பாடமாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதால் மூன்று வருஷத்தில் முடியும், கையில் இரண்டு பட்டம். விண்ணப்பம் மட்டும் இரண்டு பள்ளிக்கும் தனித்தனியாகப் போடணும், ஒன்றில் இடம் கிடைத்து மற்றதில் கிடைக்காமலும் போகலாம். களப்பயிற்சியில் தள்ளுபடி கிடையாது. அங்கே சமூகப்பணிப் படிப்புக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு முதுநிலை மாணவருக்குக் குறைந்தது 900 மணி நேரம் களத்தில் இருக்கணும் என்று வைத்திருக்கிறது.

நம்மூரில் நீங்கள் செய்வது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு நிறுவனத்தில் இரண்டு முழுப் படிப்பு. இங்கே எழுதிய பேப்பர் அங்கே கழியாது. 'சமூக நல நிர்வாகம்' என்ற பாடம் இரண்டு பக்கமும் வரும், இரண்டு தடவையும் எழுதித்தான் ஆகணும்.

சரி, எதுக்கு ரெண்டும்? ஒண்ணு போதாதா?

நிறையப் பேருக்கு ஒன்று போதும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிறவர்களில் பாதிப் பேர் 'ரெண்டு இருந்தா ரெஸ்யூமில் நல்லா இருக்குமே' என்றுதான் வருகிறார்கள்.

எனக்கு இரண்டும் வேணும் என்று தோன்றியது ஒக்கி சமயத்தில். 2017 நவம்பர் 30 அன்று புயல் அடித்தபோது நான் எம்.எஸ்.டபிள்யூ. மாணவி. சில மாதங்கள் கழித்துக் களப்பணிக்காகத் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களுக்குப் போனேன். அந்தப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் கேரளத் துறைமுகங்களிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள். அதனால் ஆள் இந்த மாநிலம், படகு கிளம்பியது அந்த மாநிலம். உடல் கிடைக்கவில்லை. ஒருவர் காணாமல் போனால் ஏழு வருஷம் தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்தவராகக் கருதலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. ஏழு வருஷம் அந்தக் குடும்பம் என்ன தின்னும்? அந்த விதிக்குக் காத்திருக்காமல் காணாமல் போனவர்களின் குடும்பத்துக்கு நிவாரணம் கொடுக்க அரசு தனியாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பட்டியல், வாக்குமூலம், வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு என்று வரிசையாகக் காகிதம்.

ஒரு வீட்டில் ஒரு அம்மை கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். போட்டால் மகன் செத்துப்போனான் என்று அவரே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமாம். நான் படித்த படிப்பு அந்தத் திண்ணையில் அவர் பக்கத்தில் உட்காரக் கற்றுக்கொடுத்திருந்தது. அவசரப்படுத்தக் கூடாது, அழட்டும், மருமகளிடம் தனியாகப் பேசணும், இதெல்லாம் தெரியும். ஆனால் அந்தக் காகிதம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது, கிராம நிர்வாக அலுவலர் எழுதியதை வருவாய் ஆய்வாளர் ஏன் திருப்பி அனுப்பினார், இரண்டு மாநில மீன்வளத் துறையில் யார் யாருக்குக் கடிதம் எழுதணும், ஒன்றுமே தெரியாது. அன்றைக்கு அங்கே வந்திருந்த ஒரு அலுவலருக்கு அதெல்லாம் அத்துப்படி. அவருக்குத் திண்ணையில் உட்காரத் தெரியவில்லை, அவ்வளவுதான். "அம்மா, சீக்கிரம் போடுங்க, இன்னும் இருபது வீடு இருக்கு" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, நிஜமாகவே இருபது வீடு இருந்தது.

அந்த இரண்டு ஆளும் ஒரே ஆளாக இருந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றினால் இரண்டையும் படியுங்கள். தோன்றவில்லை என்றால் ஒன்றை நன்றாகப் படியுங்கள்.

ரெண்டிலும் அப்படி என்னதான் படிக்கணும்?

எம்.எஸ்.டபிள்யூ.வில் தனிநபர் பணி, குழுப் பணி, சமுதாய அமைப்பு, சமூக ஆய்வு, சமூக நடவடிக்கை, நல நிர்வாகம் என்று ஆறு முறைகளைச் சுற்றித்தான் பாடம். இரண்டாம் வருஷம் சிறப்புப் பிரிவு ஒன்று எடுக்கணும், கல்லூரியைப் பொறுத்து மருத்துவ மனநலம், சமுதாய வளர்ச்சி, குடும்பம் குழந்தை நலம், மனிதவளம் என்று இருக்கும். பொது நிர்வாகத்தோடு சேர்த்துப் படிக்கிறீர்கள் என்றால் சமுதாய வளர்ச்சியோ குழந்தை நலமோதான் பொருத்தம். மனிதவளம் எடுத்துவிட்டு பொது நிர்வாகமும் படிப்பது வடசேரியில் கன்னியாகுமரி பஸ் ஏறி மார்த்தாண்டத்துக்கு டிக்கெட் கேட்கிற மாதிரி. தொழிற்சாலை நல அலுவலர் வேலைதான் குறி என்றால் மனிதவளம் தனியாகவே போதும்.

பொது நிர்வாகத்தில் 1887இல் உட்ரோ வில்சன் எழுதிய கட்டுரையில் ஆரம்பிப்பார்கள், மேக்ஸ் வெபர், அமைப்புக் கோட்பாடு, இந்திய நிர்வாகம், நிதி நிர்வாகம், பணியாளர் நிர்வாகம், உள்ளாட்சி, ஒப்பீட்டு நிர்வாகம் என்று போகும். கோட்பாட்டுப் பகுதி வறட்சிதான், பொய் சொல்ல மாட்டேன். உள்ளாட்சிப் பகுதி வந்ததும் நமக்கு உயிர் வரும்: 73ஆவது திருத்தம், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பதினோராவது அட்டவணையின் 29 பொருள்கள், இதையெல்லாம் படித்துவிட்டுச் சொந்த ஊர் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள், 29இல் எத்தனை உண்மையில் அங்கே இருக்கிறது என்று.

எங்க படிக்கலாம்? குமரியிலேயே கிடைக்குமா?

மாவட்டத்துக் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. எந்தக் கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. இந்த வருஷம் நடக்கிறது என்பது சேர்க்கை எண்ணிக்கையைப் பொறுத்தும் மாறும், பல இடங்களில் அது சுயநிதிப் பிரிவு, ஆகவே பல்கலைக்கழகப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கல்லூரிக்கே போன் போடுங்கள். மேற்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரம் நாகர்கோவில் மாதிரிதான், ஸ்ரீகாரியத்தில் லயோலா சமூக அறிவியல் கல்லூரி இருக்கிறது, பழைய கல்லூரி. வெளியே தங்க முடியும் என்றால் சென்னை எழும்பூரில் 1952இலிருந்து நடக்கும் சமூகப்பணிப் பள்ளி, மதுரை சமூக அறிவியல் நிறுவனம், திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சமூகப்பணி, பொது நிர்வாகம் என்று இரண்டு துறையுமே உண்டு. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம்தான் இந்தப் படிப்புக்கே இந்தியாவில் முன்னோடி, 1936இல் ஆரம்பித்தது.

பொது நிர்வாகத்தைத் தொலைநிலையில் படிக்க இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்), தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி என்று வழி இருக்கிறது. எந்த டிகிரி முடித்தவரும் சேரலாம். நான் இக்னோவில் படித்தேன். பாடப் புத்தகங்கள் நன்றாக இருக்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அந்தப் புத்தகத்தை மட்டும் வாங்கிப் படிப்பதும் உண்டு.

வாரத்தில் நேரம் எப்படிப் போகும்? உண்மையைச் சொல்லுங்க.

எம்.எஸ்.டபிள்யூ.வைச் சாதாரண எம்.ஏ. மாதிரி நினைத்துச் சேருகிறவர்கள் முதல் மாதத்திலேயே மூச்சு வாங்குவார்கள். வழக்கமாக வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. மீதி நாள் வகுப்பு. களப்பணி என்றால் ஏதோ ஒரு நிறுவனத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வருவது இல்லை. குழந்தைகள் இல்லம், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தொண்டு நிறுவனம், பேச்சிப்பாறைக்கு மேலே காணி மக்களின் குடியிருப்பு என்று எங்கே போட்டாலும், போனதை வந்ததை, யாரிடம் என்ன பேசினோம், என்ன புரிந்தது, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று அன்றைக்கு ராத்திரியே ரெக்கார்டு எழுதணும். அடுத்த வாரம் மேற்பார்வை ஆசிரியருடன் உட்கார்ந்து அதைப் பேசணும். நடுவில் பத்து நாள் கிராம முகாம் வரும். பருவ முடிவில் ஒரு மாதத் தொடர் பயிற்சி வரும். இரண்டாம் வருஷம் ஆய்வேடு.

பேச்சிப்பாறைப் பக்கம் களப்பணி போட்டால் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரம் இருக்கிறதே, அதில்தான் நான் பாதி ரெக்கார்டு எழுதியிருக்கிறேன். ரப்பர்ப் பால்வெட்டு முடிந்து வீட்டுக்கு வருகிற நேரம் பார்த்துப் போனால்தான் ஆட்களைப் பார்க்க முடியும், உங்கள் வகுப்பு அட்டவணைக்கு அவர்கள் வேலையை நிறுத்த மாட்டார்கள். கடற்கரை ஊர் என்றால் கதை வேறு, ஆண்கள் எப்போது கரையில் இருப்பார்கள் என்பது சீசனைப் பொறுத்தது.

இதோடு பொது நிர்வாகத்துக்குத் தினம் ஒரு மணி நேரம், ஞாயிறு நான்கு மணி நேரம் என்று ஒதுக்கினால் சமாளிக்கலாம். மோதல் வருவது தேர்வில். இக்னோவின் பருவ இறுதித் தேர்வுகள் ஜூன், டிசம்பரில். கல்லூரி செமஸ்டர் தேர்வு நவம்பரில் ஆரம்பித்து இழுத்துக்கொண்டே வந்தால் டிசம்பரோடு இடிக்கும். சித்தி மகள் முதல் டிசம்பரில் ஒரே வாரத்தில் இரண்டு தேர்வுக் கூடத்துக்கு ஓடினாள், ஒரு பேப்பரில் கோட்டை விட்டாள். இப்போது புத்தி வந்து, டிசம்பருக்கு இரண்டு பேப்பர், ஜூனுக்கு மீதி என்று பிரித்து எழுதுகிறாள். இக்னோவில் இந்தப் படிப்பை முடிக்க நான்கு வருஷம் வரை அவகாசம் உண்டு, அந்தச் சலுகையைப் பயன்படுத்துங்கள், இரண்டும் இரண்டே வருஷத்தில் முடிந்தாகணும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அசைன்மென்ட்டை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், மதிப்பெண்ணில் முப்பது சதவீதம் அதில்தான்.

எம்.எஸ்.டபிள்யூ.வையும் தொலைநிலையில் போட்டுட்டா ஈஸிதானே?

ஈஸி. அதுதான் பிரச்சினையே. வேலையில் இருப்பவர், கைக்குழந்தை இருப்பவர், ஏற்கெனவே தொண்டு நிறுவனத்தில் ஐந்து வருஷம் அலைந்தவர் தொலைநிலையில் படித்தால் தப்பில்லை, பட்டம் செல்லும். டிகிரி முடித்த கையோடு வருகிற 21 வயதுப் பிள்ளைக்கு நான் சொல்ல மாட்டேன். களப்பணியில் உங்கள் தப்பைப் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேணும். நான் முதல் தடவை ஒரு குடிநோயாளியின் மனைவியிடம் அரை மணி நேரம் அறிவுரை சொல்லிவிட்டுப் பெருமையாக வந்தேன், ரெக்கார்டைப் படித்த மேடம் சிவப்பு மையில் "அவர் எத்தனை வாக்கியம் பேசினார்?" என்று மட்டும் எழுதியிருந்தார். எண்ணிப் பார்த்தால் நான்கு. அப்படிக் கேட்க ஓர் ஆள் இல்லாமல் படிப்பது நீச்சலைப் புத்தகத்தில் படிப்பது.

பொது நிர்வாகத்தை மேசையில் உட்கார்ந்து படிக்கலாம். ஆகவே சமூகப்பணி நேரடி, பொது நிர்வாகம் தொலைநிலை. தலைகீழாக வேண்டாம்.

டி.என்.பி.எஸ்.சி., யூ.பி.எஸ்.சி.க்கு உதவுமா?

தகுதிக்கு உதவாது, ஏனென்றால் குரூப் 1, குரூப் 2க்கு ஏதோ ஒரு டிகிரி போதும், இரண்டு பி.ஜி. இருக்கிறது என்று ஒரு மார்க்கும் கூடாது. குரூப் 2 பதவிகளில் நன்னடத்தை அலுவலர் போன்றவை வரும், அங்கே எம்.எஸ்.டபிள்யூ. படித்தவருக்கு வேலை புரியும். ஒரு எச்சரிக்கை, தமிழக அரசு வேலைக்குப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அப்புறம் டிகிரி என்ற வரிசை இருக்கணும். பன்னிரண்டு இல்லாமல் நேரே திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர்கள் மேலே எத்தனை பி.ஜி. சேர்த்தாலும் பிரயோஜனம் இல்லை.

யூ.பி.எஸ்.சி.யில் பொது நிர்வாகம் விருப்பப் பாடம், இரண்டு தாள், 500 மதிப்பெண். சமூகப்பணி அந்தப் பட்டியலிலேயே இல்லை, பலர் சமூகவியலையும் சமூகப்பணியையும் குழப்பிக்கொள்கிறார்கள். இருந்தாலும் பொது அறிவுத் தாளில் ஆட்சி முறை, சமூக நீதி, அறவியல் என்று வருகிற கேள்விகளுக்குப் பதில் எழுதும்போது, நேரில் பார்த்த ஒரு ரேஷன் கடை வரிசை, ஒரு கிராம சபை, கோச்சிங் நோட்ஸில் இல்லாத எதையாவது எழுத முடியும். ஆனால் சிவில் சர்வீஸ்தான் ஒரே குறி என்றால் எம்.எஸ்.டபிள்யூ.வின் களப்பணி உங்கள் படிப்பு நேரத்தைத் தின்றுவிடும், நேரே தேர்வுக்குப் படியுங்கள்.

இங்க மாவட்டத்திலேயே என்ன வேலை கிடைக்கும்?

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், குழந்தைகளுக்கான 1098 உதவி எண், மகளிர் திட்டம், மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர், குழந்தைகள் இல்லங்கள், மறுவாழ்வு மையங்கள், மறைமாவட்டங்களின் சமூக சேவை அமைப்புகள். முதல் இரண்டு மூன்றும் பெரும்பாலும் ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம். வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள். நிரந்தரம் என்று யாராவது சொல்லி உங்களிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு மூன்று மாதச் சம்பளம் நின்றது, திட்ட நிதி வரவில்லையாம். வந்தபோது இரண்டு மாதத்துக்குத்தான் வந்தது. இதையும் தெரிந்துகொண்டு வாருங்கள்.

இரண்டு படிப்பும் சேர்ந்து வேலை செய்கிற இடம் எது என்றால், உதாரணத்துக்கு இளைஞர் நீதிச் சட்டப்படி, வழக்கில் சிக்கிய ஒரு பையனைப் பற்றிச் சமூக விசாரணை அறிக்கை எழுதுவது. இரண்டு வாரத்துக்குள் கொடுக்கணும். வீட்டுக்குப் போய்ப் பேசிப் பையன் ஏன் இப்படி ஆனான் என்று புரிந்துகொள்வது ஒரு திறமை. இளைஞர் நீதிக் குழுமத்தில் இருப்பவர்கள் படித்து முடிவெடுக்கும்படி, எந்தத் துறையின் எந்தத் திட்டத்தில் இவனைச் சேர்க்கலாம், பள்ளியில் திரும்பச் சேர்க்க யாருக்கு எழுதணும் என்று தெளிவாக நான்கு பக்கத்தில் எழுதுவது இன்னொரு திறமை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிற வரிசையில் நின்று பாருங்கள், அதே மனுவோடு நான்காவது தடவை வந்த ஆட்கள் இருப்பார்கள். தப்பான மேசைக்கு எழுதிய மனுக்கள்தான் அதில் பாதி.

கேரளம் பக்கத்தில் இருப்பதால் நமக்கு ஏதாவது லாபம்?

இருக்கு, யாரும் கேட்காத நல்ல கேள்வி இது. ஒரே ஒருத்தன்தான் கேட்டான், களியக்காவிளைப் பையன். 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் அந்தப் பக்க நிர்வாகத்தில் இருந்தவை. அதற்குப் பிறகு இரண்டு மாநிலமும் வேறு வேறு வழியில் போயின. ஒப்பீட்டு நிர்வாகம் என்று புத்தகத்தில் அமெரிக்கா, பிரான்ஸ் என்று படிப்பதை நீங்கள் களியக்காவிளையில் ரோட்டைக் கடந்தே பார்க்கலாம். 1996இல் அங்கே மக்கள் திட்டம் ஆரம்பித்தபோது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். அங்கே ஒரு கிராம ஊராட்சியில் பல்லாயிரம் பேர், அலுவலகமும் ஆட்களும் அதற்கேற்ற மாதிரி. இங்கே குமரியில் ஒன்பது ஒன்றியம், 95 கிராம ஊராட்சி, அதோடு ஊருக்கு ஊர் பேரூராட்சி. பெண்கள் குழு விஷயத்தில் நாம் முந்தியவர்கள், 1989இல் தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்தன, அங்கே குடும்பஸ்ரீ 1998இல்தான். ஆனால் குடும்பஸ்ரீயை உள்ளாட்சியோடு பின்னிப் பிணைத்துவிட்டார்கள். நம் குழுக்கள் பெரும்பாலும் வங்கிக் கடனைச் சுற்றியே நின்றுவிட்டன என்பது என் எண்ணம், மகளிர் திட்டத்தில் வேலை பார்க்கும் தோழி இதற்குச் சண்டைக்கு வருவாள்.

ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிற ஆட்கள் பாறசாலையில் ஒரு ஊராட்சி, விளவங்கோட்டில் ஒரு ஊராட்சி என்று எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளம் கேட்டால் புரிகிற நமக்கு இது கைக்கு எட்டுகிற பழம்.

நர்ஸிங் படிச்சவங்க மாதிரி வெளிநாடு போக முடியுமா?

போகலாம், ஆனால் நேரே இல்லை. இங்கிலாந்தில் 'சமூகப் பணியாளர்' என்பது சட்டம் பாதுகாக்கும் பட்டப்பெயர். அங்கே அதற்கென இருக்கும் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்தால்தான் அந்தப் பேரில் வேலை பார்க்கலாம். நீங்கள் படித்த பாடம், களப்பணி மணி நேரம் எல்லாவற்றுக்கும் சான்று கேட்பார்கள். இதனால்தான் களப்பணி ரெக்கார்டுகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடாதீர்கள் என்று தலைதலையாக அடித்துக்கொள்கிறேன். அமெரிக்காவிலும் சமூகப்பணிக் கல்வி மன்றம் வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பீடு செய்து சான்று தரும். அதற்கு மேல் மாநில உரிமம் வேறு.

பொது நிர்வாகப் பட்டம் அந்த வகையில் வெளிநாட்டு உரிமம் எதற்கும் உதவாது. மேலே படிக்கப் போகிறவருக்கு உதவும். ஃபுல்பிரைட் நேரு முதுநிலை உதவித்தொகையில் பொது நிர்வாகம் ஒரு துறை, மூன்று வருஷ வேலை அனுபவம் கேட்பார்கள். மூன்று வருஷ டிகிரி மட்டும் வைத்திருப்பவர் அதோடு ஒரு பி.ஜி.யும் முடித்திருக்கணும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது, அதைக் கேள்விப்படாமலேயே ஏஜென்ட்டிடம் போய் நிற்கிறார்கள்.

செலவு?

கட்டணம் வருஷா வருஷம் மாறும், நான் எண் எழுதினால் அடுத்த வருஷம் என்னைத் திட்டுவீர்கள். தொலைநிலைக் கட்டணம் பெரிதாகத் தெரியாது. எம்.எஸ்.டபிள்யூ.வில் கட்டணத்தைவிடக் களப்பணிப் பயணச் செலவு, முகாம், ஆய்வேடு அச்சு, பைண்டிங் என்று கசிவதுதான் அதிகம். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் வாங்கியவர்கள், பி.ஜி.க்கு அது வராது என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நெட் தேர்வு (கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வு) எழுத எந்தப் பாடம் நல்லது?

இரண்டும் தனித்தனிப் பாடம், சமூகப்பணிக்குக் குறியீடு 10, பொது நிர்வாகத்துக்கு 14. இரண்டு பட்டமும் இருந்தால் எதில் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் ஒரு தடவைக்கு ஒன்றுதான். கல்லூரி வேலை நினைப்பு இருந்தால் சமூகப்பணி. பொது நிர்வாகத் துறை வைத்திருக்கும் கல்லூரிகளைத் தமிழ்நாட்டில் விரல் விட்டு எண்ணலாம்.

நான் தமிழ் மீடியம். இங்கிலீஷில் எழுத வராது.

களத்தில் உங்களுக்குத்தான் முதலிடம். கான்வென்ட்டில் படித்த என் வகுப்புத் தோழி ஒருத்தி கடற்கரையில் "உங்கள் குடும்பத்தின் சமூகப் பொருளாதாரப் பின்னணி என்ன?" என்று கேட்டு, ஒரு பாட்டி "சாயா குடிக்கியா மக்கா?" என்று பதில் சொன்னார். ரெக்கார்டும் தேர்வும் எந்த மொழியில் என்று சேரும் முன்னே கேட்டுக்கொள்ளுங்கள், தமிழில் எழுதவிடும் இடங்களும் உண்டு. ஆனால் அறிக்கை எழுதும் அளவுக்கு ஆங்கிலம் எப்படியும் வேணும், தினம் ஒரு பக்கம் எழுதிப் பழகினால் ஒரு வருஷத்தில் வந்துவிடும், எனக்கு அப்படித்தான் வந்தது.

வீட்டில் பி.எட். படிக்கச் சொல்றாங்க.

எல்லா வீட்டிலும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் எனக்குக் கல்யாணம் ஆன பிறகும் சொன்னார்கள்.

முதலில் எதில் சேரணும்? எப்போ?

ஜூன், ஜூலையில் எம்.எஸ்.டபிள்யூ.வில் சேர்ந்துவிடுங்கள். தொலைநிலைப் படிப்புகளுக்கு ஜூலை, ஜனவரி என்று இரண்டு சேர்க்கை உண்டு, நீங்கள் ஜனவரியைப் பிடியுங்கள். அதற்குள் முதல் செமஸ்டர் போயிருக்கும், களப்பணி எவ்வளவு பிழிகிறது என்று தெரிந்திருக்கும், தாங்காது என்றால் பொது நிர்வாகத்தை ஒரு வருஷம் தள்ளிப் போடலாம். தொலைநிலையில் சேர இப்போது ஏ.பி.சி. ஐடியும் (உங்கள் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் ஆன்லைன் கணக்கின் எண்), அதை வைத்து எடுக்கிற டி.இ.பி. ஐடியும் (யூ.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் எண்) கட்டாயம். இரண்டிலும் ஆதாரில் இருக்கிற பேரும் மார்க் ஷீட்டில் இருக்கிற பேரும் ஒன்றாக இருக்கணும், இனிஷியல் முன்னால் பின்னால் என்று நம் ஆட்களுக்கு எப்போதும் அதில்தான் மாட்டும். இப்போதே போய்த் திருத்திக்கொள்ளுங்கள், கடைசித் தேதிக்கு முந்தின ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் போடாதீர்கள்.